நாற்பது ஆண்டுகள் நின்ற மண் அணை: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

கேள்வியின் சாரத்தை முதலில் எழுதிவிடுகிறேன். ஊருக்கு மேலே ஓடையின் குறுக்கே, வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்ட சுமார் 8 மீட்டர் உயர மண் அணை ஒன்று இருக்கிறது. கட்டி 40 ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அதில் தண்ணீரே நிற்பதில்லை. அண்மையில் வந்த ஆய்வறிக்கை அதன் நிலை ‘திருப்திகரம்’ என்கிறது. இத்தனை காலம் நின்ற அணையைப் பற்றிக் கவலைப்படக் காரணம் உண்டா, பாதுகாப்பு மதிப்பீடு என்றால் எதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும் என்பதே கேள்வி.

நேரடியாகச் சொல்வதானால், 40 ஆண்டுகள் நின்றது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. அந்த 40 ஆண்டுகளில் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்பதே முதலில் தெரிய வேண்டியது. பாதி உயரத்துக்கு மேல் ஒருமுறைகூட நீர் ஏறாத அணை என்றால், அதன் மேல் பாதி இன்னும் சோதிக்கப்படாத புது அணைதான். ஆனால் அது புது அணையின் வலுவோடு இல்லை. 40 ஆண்டு வெயிலில் காய்ந்து, வேர் ஓடி, வளை தோண்டப்பட்டு நிற்கிறது. சேமிப்பு அணைகளைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தவறிவிடுகிறார்கள்.

பாசனத்துக்கோ குடிநீருக்கோ கட்டப்பட்ட அணை ஆண்டுதோறும் நிரம்புகிறது, வடிகிறது. அதன் கரை தண்ணீரைத் தாங்கும் விதத்தை அதைக் காவல் காப்பவர் கண்ணால் பார்க்கிறார். அடிவாரத்தில் எங்கே ஈரம் தட்டுகிறது, எந்தக் கசிவு வழக்கமானது, எது புதியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வெள்ளத் தடுப்பு அணையில் அந்த அனுபவம் சேர வழியில்லை. அதன் அடிமதகுக்குப் பெரும்பாலும் அடைப்பான் கிடையாது; சிறு மழையின் நீர் நிற்காமல் அதன் வழியே போய்விடும். மதகால் கடத்த முடியாத அளவுக்கு ஓடையில் வெள்ளம் வரும்போது மட்டும் கரைக்குப் பின்னால் நீர் தேங்கி, பிறகு ஓரிரு நாட்களிலோ ஒரு வாரத்திலோ வடிந்துவிடும். இந்த வடிவமைப்பு நல்லதுதான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1913ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு மயாமி ஆற்றுப் படுகையில் ஆர்தர் மார்கன் தலைமையில் இதே தத்துவத்தில் ஐந்து மண் அணைகள் கட்டப்பட்டன. 1922இல் முடிக்கப்பட்ட அவை இன்றும் வேலை செய்கின்றன. அவற்றுக்கென்று வரி வசூலித்துப் பராமரிக்கும் நிலையான அமைப்பு ஒன்று தொடக்கத்திலிருந்தே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறு அணைகளுக்கு அந்தப் பேறு அரிதாகவே வாய்க்கிறது.

முதல் நிரப்பல், அதாவது அணையில் முதன்முறையாக நீர் ஏறுவது, ஏன் அவ்வளவு முக்கியம்? நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் உள்ள பெரிய மண் அணைகளின் உடைப்புகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதி அணைகள் கரைக்கு மேலே நீர் வழிந்ததால் உடைந்தவை; ஏறத்தாழ மறுபாதி கரைக்குள்ளோ அடித்தளத்திலோ மண் அரித்ததால் உடைந்தவை; சரிவு சரிந்து உடைந்தவை நூற்றுக்கு நான்கைந்துதான். உள்ளரிப்பால் உடைந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நிரப்பலிலோ முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளோ உடைந்திருந்தன. அதாவது, பலவீனம் உள்ள அணையை முதன்முதலில் ஏறும் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சேமிப்பு அணைக்கு இந்தத் தேர்வு கட்டிய ஓரிரு ஆண்டுகளில், பொறியாளர்கள் கரையிலேயே நிற்கும்போது நடந்துவிடும். வெள்ளத் தடுப்பு அணைக்கோ அது முப்பது நாற்பது ஆண்டு கழித்து, நள்ளிரவில், கொட்டும் மழையில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது நடக்கலாம்.

இது வெறும் தர்க்கம் அல்ல. அமெரிக்காவில் 1944, 1954 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களின்படி சிறு ஓடைகளின் மீது 11,000க்கும் மேற்பட்ட வெள்ளத் தடுப்பு அணைகள் கட்டப்பட்டன. அவற்றில் ஓக்லஹோமா, மிசிசிப்பி மாநிலங்களைச் சேர்ந்த சில, கட்டி முடித்துக் காய்ந்து கிடந்த பின் முதல் பெருமழையில் நீர் ஏறியதுமே உள்ளரிப்பால் உடைந்தன. அணைப் பொறியாளர் ஜேம்ஸ் ஷெரார்டும் அவருடைய கூட்டாளிகளும் 1970களில் அவற்றை ஆராய்ந்தார்கள். கரைகள் நன்றாக இறுக்கப்பட்ட களிமண்ணால் ஆனவை, ஒழுகக் கூடாதவை. ஆனால் கரையின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய விரிசல்கள் இருந்தன. அந்தக் களிமண்ணோ தண்ணீர் பட்டதும் தானே பிரிந்து கரைந்துவிடும் இயல்புடையது. இவை இரண்டும் ஒன்று சேர்ந்ததும் சில மணி நேரங்களில் கரைக்குள் சுரங்கம் விழுந்துவிட்டது.

இங்கே சிறிது நின்று கணக்குப் பார்க்கலாம். கெட்டியாக இறுக்கப்பட்ட களிமண்ணின் நீர் ஊடுருவு திறன் நொடிக்கு ஒரு கோடியில் ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து லட்சத்தில் ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும். அந்த மேல் எல்லையை எடுத்துக்கொண்டாலும், வெள்ளம் மூன்று நாள் நின்று வடியும்போது தண்ணீர் கரைக்குள் சில மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். காய்ந்த மண் நீரை உறிஞ்சும் என்பதையும் கூட்டிக்கொண்டால் சில சென்டிமீட்டர். ஆகவே விரிசலற்ற களிமண் கரை, மூன்று நாள் வெள்ளத்தைத் தான் நனையாமலே தாங்கிவிடும். அதே கரையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிசல் இருந்தால், தண்ணீர் சில நிமிடங்களில் அந்தப் பக்கம் வந்துவிடும். அணையின் தலைவிதி மண்ணின் சராசரித் தன்மையில் இல்லை, அதில் உள்ள குறையில்தான் இருக்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்பிய நான்கு மாதிரிகளும் நன்றாக இருந்தன என்று அறிக்கை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விரிசல் மாதிரிக் குழாய்க்குள் வருவதில்லை.

விரிசல்கள் எங்கே இருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். நீண்ட கோடையில் கரையின் மேற்பகுதி காய்ந்து பிளக்கும். புல் மூடியிருந்தால் இது தெரியாது. மண்வெட்டியால் புல்லை நீக்கிப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டருக்கும் கூடுதலாக ஆழ்ந்திருக்கும் விரிசல்களை நானே பார்த்திருக்கிறேன். மேற்பகுதியில் விரிசல் என்றால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள், வெள்ளத் தடுப்பு அணையில் அந்த மேற்பகுதியைத் தண்ணீர் எட்டுவதே மிகப் பெரிய வெள்ளத்தில்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அடுத்து, பள்ளத்தாக்கின் பாறைச் சரிவு செங்குத்தாக ஏறும் இடம்: அங்கே கரையின் ஒரு பகுதி அதிகமாகவும் அடுத்த பகுதி குறைவாகவும் அமிழ்வதால் குறுக்கு விரிசல் விழும். நீளவாக்கில் ஓடும் விரிசல் பார்க்கப் பயமாக இருந்தாலும், நீரோட்டத்தின் திசையில் அமையும் குறுக்கு விரிசலே அதனினும் ஆபத்தானது.

மண் கரையும் இயல்புடையதா என்று அறிய எளிய முதல் சோதனை ஒன்று உண்டு. கரையிலிருந்து எடுத்த சிறு மண் கட்டியை, காய வைக்காமல், வாலை வடித்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் போட்டு அசைக்காமல் வைக்க வேண்டும். கட்டி உதிர்ந்து அடியில் குவிந்தால் அது சாதாரணம். கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் எழுந்து பரவினால் அது எச்சரிக்கை. குழாய்த் தண்ணீரில் செய்தால் அதில் உள்ள உப்புகள் முடிவைக் கெடுத்துவிடும். உறுதிப்படுத்துவதற்கு, ஷெரார்ட் குழுவினர் உருவாக்கிய ஊசித்துளைச் சோதனை இருக்கிறது. மண்ணில் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு நீரைச் செலுத்தி, துளை பெரிதாகிறதா, வெளிவரும் நீர் கலங்குகிறதா என்று பார்ப்பார்கள். மண் அணை ஒன்றின் அறிக்கையில் இந்த இரண்டில் ஒன்றேனும் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்பது நியாயம்.

உள்ளரிப்புக்கு மிகவும் பழகிய வழி, கரையின் குறுக்கே போகும் மதகுக் குழாய்தான். வட்டக் குழாயின் அடிப்பக்கத்தில் மண்ணை இறுக்குவது கடினம். குழாயின் மேல் உள்ள மண்ணும் பக்கத்து மண்ணும் ஒரே அளவில் அமிழ்வதில்லை. அதனால் குழாயை ஒட்டியே தண்ணீருக்கு ஒரு பாதை கிடைத்துவிடுகிறது. பழைய அணைகளில் இதைத் தடுக்கவென்று குழாயைச் சுற்றி இடையிடையே கான்கிரீட் வளையங்கள் வைத்தார்கள். அந்த வளையங்களை ஒட்டி மண்ணை இறுக்குவது இன்னும் கடினமாகி, நோக்கத்துக்கு நேர்மாறான பலன் கிடைத்ததால், 1980களிலிருந்து அந்த முறை கைவிடப்பட்டு, குழாயைச் சுற்றி அளந்தெடுத்த மணலால் வடிகட்டி அமைக்கும் முறை வந்தது. மணல் வடிகட்டி தண்ணீரைத் தடுப்பதில்லை; தண்ணீரை விட்டு மண் துகளை மட்டும் பிடித்துக்கொள்கிறது. மண் இயக்கவியலின் முன்னோடியான கார்ல் டெர்சாகி வகுத்த விதியின்படி, வடிகட்டி மணலில் 15 விழுக்காடு எந்த அளவைவிடச் சிறியதோ அந்த அளவு, காக்கப்படும் மண்ணில் 85 விழுக்காடு எந்த அளவைவிடச் சிறியதோ அந்த அளவைப்போல் நான்கைந்து மடங்குக்கு மேல் போகக் கூடாது. மிக நுண்ணிய களிமண்களுக்குப் பின்னாளில் வேறு வரம்புகள் சேர்க்கப்பட்டாலும் அடிப்படை மாறவில்லை. 40 ஆண்டு பழைய சிறு அணையில் இந்த வடிகட்டி இருக்க வாய்ப்பு குறைவு. அது இல்லையென்பதாலேயே அணை ஆபத்தானது என்று ஆகிவிடாது. ஆனால் ஒருமுறை அரிப்பு தொடங்கிவிட்டால் அதை நிறுத்த உள்ளே எதுவும் இல்லை என்று பொருள்.

குழாயின் நிலையும் தனியாகப் பார்க்கப்பட வேண்டும். நெளிந்த இரும்புத் தகட்டுக் குழாய் என்றால், 40 ஆண்டில் அதன் அடிப்பகுதி துருப்பிடித்துப் பொத்தல் விழுந்திருப்பது வியப்பே அல்ல. கான்கிரீட் குழாய் என்றால் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். கொலராடோ மாநிலத்தின் மலைப்பகுதியில் இருந்த லான் லேக் அணை 1903இல் கட்டப்பட்டது. கேள்வியில் உள்ள அணையைப் போலவே அதுவும் சுமார் 8 மீட்டர் உயரம்தான். வெளியேற்றுக் குழாய் அடைப்பானோடு சேரும் இணைப்பில் அடைத்திருந்த ஈயப் பூச்சு சிதைந்து, அதன் வழியே கசிந்த நீர் மண்ணை அரித்து, 1982 ஜூலை 15 அன்று அணை உடைந்தது. மூன்று பேர் இறந்தார்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நின்ற அணை அது. ஆகவே கேமரா செலுத்திக் குழாயின் முழு நீளத்தையும் பார்த்த பதிவு இல்லாத அறிக்கையை நான் முழுமையானதாகக் கொள்ளமாட்டேன். குழாயின் வாயில் நின்று டார்ச் அடித்துப் பார்ப்பது ஆய்வு ஆகாது.

இனி கரைக்கு மேல் நீர் வழிவது. மண் கரைக்கு இதைவிடக் கொடிய பகை இல்லை. வெளிச்சரிவில் இறங்கும் நீர் முதலில் அடிவாரத்தையோ, புல் இல்லாத ஓர் இடத்தையோ கிழிக்கும். அந்தக் கிழிசல் படிப்படியாகப் பின்வாங்கிக் கரையின் உச்சிக்கு ஏறும். உச்சியை எட்டியதும் உடைப்பு முழுமையாகிவிடும். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் கிளாஷ்யூட்டே என்ற சிறு நகரத்துக்கு மேலே 1953இல் கட்டப்பட்ட சுமார் 9 மீட்டர் உயர வெள்ளத் தடுப்பு மண் அணை, 2002 ஆகஸ்ட் 12 அன்று பெய்த வரலாறு காணாத மழையில் இப்படித்தான் நீர் வழிந்து உடைந்து, நகரத்தின் மீது பாய்ந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதுவும் நின்றது.

இதைத் தடுப்பது கலிங்கு, அதாவது அணை நிரம்பிய பின் வரும் உபரிநீரைப் பக்கவாட்டில் பாதுகாப்பாக வெளியேற்றும் வாய்க்கால். அணையின் கொள்ளளவே வெள்ளத்தை அடக்கிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஓர் எளிய கணக்கு அதைக் கலைத்துவிடும். நீர்ப்பிடிப்புப் பகுதி 5 சதுர கிலோமீட்டர் என்றும், ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் மழை பெய்து அதில் 60 விழுக்காடு ஓடி வருகிறது என்றும் கொள்வோம். வரும் நீர் 6 லட்சம் கன மீட்டர். அணையின் கொள்ளளவு 2 லட்சம் கன மீட்டர் என்றால், மதகு வழியே போவது போக மிச்சமெல்லாம் கலிங்கைத்தான் நம்பியிருக்கிறது. மதகு வாயில் உள்ள கம்பித் தடுப்பில் மரக்கிளையும் குப்பையும் அடைத்துக்கொண்டால் அந்த வழியும் இல்லை. வெள்ளம் வரும்போதுதான் குப்பையும் வரும் என்பதால், மதகு அடைபட்டதாகவே வைத்து ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது விவேகம். மண் படிந்து கொள்ளளவு குறைந்திருப்பதும் இதோடு சேரும்.

எந்த அளவு வெள்ளத்துக்குக் கலிங்கு போதுமானது என்று அறிக்கை சொல்கிறது என்பதைத் தேடிப் பாருங்கள். ‘நூறாண்டு வெள்ளத்துக்குப் போதும்’ என்றிருந்தால், அது நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று பொருள் அல்ல. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றே பொருள். 50 ஆண்டுக் காலத்தில் அப்படிப்பட்ட வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு. கீழே வயல்கள் மட்டும் இருந்தால் இதை ஏற்கலாம். வீடுகள் இருந்தால் ஏற்க முடியாது. உயிர்ச்சேதம் நேரக்கூடிய இடங்களில், இயற்கையாக அங்கே வரக்கூடிய உச்சபட்ச வெள்ளத்தையோ, ஆயிரத்தில், பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளத்தையோ தாங்க வேண்டும் என்பதே பல நாடுகளின் நடைமுறை. மேலும் 40 ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்தவரின் கையில் இருந்த மழைப் பதிவு குறுகியது. அதன்பின் நீர்ப்பிடிப்பில் காடு குறைந்து சாலைகளும் கூரைகளும் பெருகியிருந்தால், அதே மழைக்கு இன்று அதிக நீர் அதிக வேகத்தில் வந்து சேரும்.

கரையின் உச்சி அமிழ்வதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏனென்றால் இதை மட்டும் அளந்து பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். அகன்ற கலிங்கின் வழியே போகும் நீரின் அளவு, அதன் அகலத்தையும், அதன் மேல் நிற்கும் நீரின் உயரத்தின் ஒன்றரை அடுக்கையும் பொறுத்தது. அகலம் 20 மீட்டர், கலிங்கு மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையே 1.5 மீட்டர் என்றால், கரை வழியும் முன் கலிங்கு நொடிக்கு சுமார் 62 கன மீட்டரைக் கடத்தும். கரையின் ஏதோ ஓரிடம் 30 சென்டிமீட்டர் அமிழ்ந்துவிட்டால் அது சுமார் 45 ஆகிவிடும். கலிங்கில் ஒரு கல்லும் நகரவில்லை. ஆனால் அதன் திறனில் கால் பங்குக்கும் மேல் போய்விட்டது. கரையின் மேல் வண்டி ஓட்டி உண்டாக்கிய தடப் பள்ளம், மாடுகள் ஏறி இறங்கும் தடம், குழாய்க்கு மேலே கரை சற்றுக் குழிந்த இடம் ஆகிய எதுவும் இந்த வேலையைச் செய்துவிடும். அதைவிட மோசமானது, வழியும் நீர் முழுதும் அந்த ஒரே இடத்தில் குவியும் என்பது. கரை நெடுகிலும் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் மட்டம் எடுக்க ஒரு நில அளவையாளருக்கு அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் எழுதிய அறிக்கைகள் எத்தனையோ வந்துகொண்டிருக்கின்றன.

கலிங்கு போதுமான அகலத்தில் இருந்தாலும், நீர் ஓடும்போது அது தாங்க வேண்டும். இங்கிலாந்தில் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலுள்ள டாட்புரூக் நீர்த்தேக்கத்தில் 2019 ஆகஸ்ட் 1 அன்று கலிங்கின் கான்கிரீட் பலகைகள் உடைந்து, அடியில் இருந்த மண் கரை அரித்துக்கொண்டு போனது. சுமார் 1,500 பேர் வெளியேற்றப்பட்டார்கள், ஹெலிகாப்டரிலிருந்து ஜல்லி மூட்டைகளைப் போட்டு ஓட்டையை அடைத்தார்கள், பம்புகள் வைத்து நீரை இறக்கினார்கள், அணை தப்பியது. அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில்தான் சட்டப்படியான ஆய்வு நடந்திருந்தது. பின்னர் நடந்த விசாரணைகள், கலிங்கின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்றும், பராமரிப்பின் குறை அதைக் கூட்டியது என்றும் கண்டன. பலகை இணைப்புகளில் செடி முளைத்திருப்பது பார்வைக்குச் சிறு குறை; அதன் வழியே நீர் அடியில் புகுந்து பலகையைத் தூக்கும் என்பதுதான் அதன் பொருள். வடிவமைப்பில் உள்ள குறையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வரைபடத்தை எடுத்துவைத்துக் கணக்குப் போட வேண்டும். மண்ணில் வெட்டிப் புல் வளர்த்த கலிங்காக இருந்தால், அதன் குறுக்கே பிற்காலத்தில் யாரேனும் வேலியோ, பாதையோ, கொட்டகையோ அமைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதே முதல் வேலை.

மரங்களையும் வளைகளையும் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. குட்டையான அடர்ந்த புல் கரைக்கு நல்லது, மரம் கெட்டது. உயிருள்ள வேரைவிடச் செத்து மக்கிய வேர் விட்டுச்செல்லும் துளை ஆபத்தானது என்பதால், பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை அப்படியே விட்டுவிடுவது பிரச்சினையைத் தள்ளிப்போடுவது மட்டுமே. வேரைத் தோண்டி எடுத்துவிட்டு மண்ணை இறுக்கி நிரப்ப வேண்டும். புதர் மண்டிய சரிவில் எலி வளையும் தெரியாது, ஈரமும் தெரியாது. அறிக்கையில் ‘புதர் காரணமாக வெளிச்சரிவைப் பார்க்க இயலவில்லை’ என்று ஒரு வரி இருந்தால், அந்தச் சரிவு ஆய்வு செய்யப்படவில்லை என்றே அதைப் படிக்க வேண்டும். அந்த வரிக்குப் பிறகும் ‘திருப்திகரம்’ என்று எழுதத் துணிந்தவர்களை நான் அறிவேன்.

சரிவுகளின் உறுதியைப் பொறுத்தவரை, நீர் நெடுநாள் நிற்கும் நிலைக்கு 1.5 என்ற காப்புக் காரணி (சரிவைத் தாங்கும் வலு, அதைச் சரிக்கும் விசையைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்) வழக்கமாகக் கேட்கப்படுகிறது. வெள்ளத் தடுப்பு அணையில் அந்த நிலை பெரும்பாலும் வருவதேயில்லை. மாறாக, நிரம்பிய நீர் விரைவாக இறங்கும்போது நீர்ப்பக்கச் சரிவு ஈரத்தோடு துணையின்றி நிற்கும் நிலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும், இதற்கு 1.2 அல்லது 1.3 போதும் என்பார்கள். நிலநடுக்கம் வரும் பகுதியானால், அடித்தளத்தில் தளர்ந்த மணல் உள்ளதா என்பதே முதன்மைக் கேள்வி. நிலநடுக்கமும் பெருவெள்ளமும் ஒரே நாளில் வருவது அரிது. ஆனால் நிலநடுக்கம் கரையில் விட்டுச்செல்லும் விரிசல் அடுத்த வெள்ளத்துக்காகக் காத்திருக்கும்.

இவ்வளவும் அணையைப் பற்றியது. மதிப்பீட்டின் மறுபாதி அணைக்குக் கீழே இருக்கிறது. ஆபத்து வகைப்பாடு என்பது அணையின் உடல்நிலையைக் குறிப்பதல்ல. அது உடைந்தால் யாருக்கு என்ன நேரும் என்பதைக் குறிப்பது. சிறந்த நிலையில் உள்ள அணையும் ‘உயர் ஆபத்து’ வகையில் வரலாம். கட்டியபோது கீழே தரிசு நிலம் மட்டும் இருந்து, அணை தந்த பாதுகாப்பை நம்பியே வீடுகள் பெருகியிருந்தால், அணை ஓர் அங்குலமும் மாறாமல் அதன் வகை மாறிவிடும். 40 ஆண்டுகளுக்கு முன் தரப்பட்ட வகையையே அறிக்கை நகல் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிறிய அணை உடைந்தால் சிறிய வெள்ளம்தானே என்று எண்ண வேண்டாம். உடைந்த அணைகளின் தரவுகளிலிருந்து பொறியாளர் ஃப்ரோலிக் 1995இல் பெற்ற சூத்திரத்தில் 2 லட்சம் கன மீட்டரையும் 8 மீட்டர் ஆழத்தையும் இட்டால், உச்ச ஓட்டம் நொடிக்கு சுமார் 290 கன மீட்டர், அதாவது பத்தாயிரம் கன அடிக்கும் மேல் என்று வருகிறது. அந்த வேகம் நீடித்தால் முழு நீரும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் வெளியேறிவிடும். உண்மையில் ஓட்டம் ஏறி இறங்குவதால் சற்று நீளும். இத்தகைய சூத்திரங்கள் இரு மடங்கு கூடவோ குறையவோ தவறலாம் என்றாலும், எந்தச் சிற்றோடையின் இயல்பான வெள்ளத்தோடும் இதை ஒப்பிட முடியாது என்பது தெளிவு. 1977 நவம்பர் 6 அதிகாலையில் ஜார்ஜியா மாநிலத்தின் டோக்கோவாவில் கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை உடைந்தபோது 39 பேர் இறந்தார்கள். அதன் உயரம் 13 மீட்டருக்கும் குறைவு.

சட்டங்கள் இந்த உண்மையை ஒரே அளவில் ஏற்கவில்லை. இங்கிலாந்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டர் கொள்ளக்கூடிய எந்தத் தேக்கத்தையும் கணக்கில் கொள்கிறது. ஆபத்தானவற்றைப் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற பொறியாளர் ஆராய வேண்டும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும் பொருந்தும். 8 மீட்டர் அணை அதன் வரம்புக்குள் வராது. அமெரிக்காவின் தேசிய அணைப் பட்டியலில், உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடிய அணை எவ்வளவு சிறியதானாலும் இடம் பெறும். மூன்றில் இந்தக் கடைசி அணுகுமுறையே சரி என்பது என் கருத்து.

இனி அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கரை உச்சியின் மட்ட அளவீடு, குழாயின் கேமராப் பதிவு, இன்றைய மழைத் தரவில் போட்ட வெள்ளக் கணக்கு, மண்ணின் கரையும் இயல்புச் சோதனை, உடைந்தால் நீர் பரவும் பகுதியின் வரைபடம் ஆகியவை இல்லாமல் ‘திருப்திகரம்’ என்றிருந்தால், ஒருவர் ஒரு நாள் நடந்து பார்த்ததில் பெரிய குறை கண்ணில் படவில்லை என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் இல்லை. நடந்து பார்ப்பதும் தேவையான வேலைதான். நல்ல பொறியாளர் அதில் நிறையக் கண்டுபிடிப்பார். ஆனால் காய்ந்த அணையில் கசிவு தெரியாது. ஆகவே ஆய்வுக்கு ஏற்ற நேரம் வெயில் நாள் அல்ல, அணையில் நீர் நிற்கும் அந்த ஓரிரு நாட்கள்தான். அப்போது அடிவாரத்தில் எழும் ஊற்று தெளிந்த நீராக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்பது எந்தக் கருவியையும்விட அதிகம் சொல்லும். தெளிந்த கசிவைக் குறித்து வைத்து அளவு கூடுகிறதா என்று கவனித்தால் போதும். கலங்கிய கசிவு என்றால் மண் வெளியேறுகிறது. கீழே உள்ளவர்களை அப்புறப்படுத்தும் முடிவை அந்த நேரத்திலேயே எடுக்க வேண்டும். யார் யாரை அழைப்பது, எந்த வழியாக எந்த மேட்டுக்குப் போவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் அந்த முடிவு பயன்படும்.

அணையைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தாலும், பெரும் செலவில்லாமல் இந்தப் பருவத்துக்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று உண்டு. நீர்ப்பக்கச் சரிவில் அடியிலிருந்து கரை உச்சி வரை அளவுகோல் ஒன்றை நட்டு, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் சரிவில் ஒதுங்கிய சருகும் நுரையும் காட்டும் உச்ச நீர்மட்டத்தைத் தேதியோடு ஒரு பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஊரில் வயதானவர்களிடம், இதுவரை தாங்கள் பார்த்ததிலேயே தண்ணீர் எங்கே வரை ஏறியது என்று கேட்டு, அந்த இடத்தையும் மட்டம் எடுத்து அதே பதிவேட்டின் முதல் வரியாகச் சேருங்கள். கரை உச்சியிலிருந்து அது எத்தனை மீட்டர் கீழே இருக்கிறதோ, அணையின் அத்தனை மீட்டர் இன்னும் தண்ணீரைப் பார்த்ததில்லை.